ஃப்ளாஷ் கேபிளை வீட்டிலேயே நீட்டலாமா?

கேள்வி: கேனன் 80டி கேமராவும் 430இஎக்ஸ் 2 ஃப்ளாஷும் வைத்திருக்கிறேன். இரண்டுமே செகண்ட் ஹேண்டில் வாங்கியவை. தெரிந்தவர்கள் வீட்டுப் பிறந்தநாள், வளைகாப்புக்குப் படம் எடுக்கப் போவேன். மற்ற நாட்களில் அக்காவின் கவரிங் நகைக் கடைக்காக வீட்டிலேயே நகைகளைப் படம் எடுக்கிறேன். ஃப்ளாஷைக் கேமராவின் தலையிலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைக்க ஒரு சுருள் வயர் வாங்கினேன். முழுக்க இழுத்தாலும் ஒன்றரை முழம் தாண்டவில்லை. இன்னும் இழுத்தால் ஸ்டாண்டே சாய்கிறது. என் சித்தப்பா பையன் சிசிடிவி மாட்டும் வேலை செய்கிறான். "நடுவுல வெட்டிக் குடுண்ணே, லேன் கேபிள் போட்டு அஞ்சு மீட்டர் ஆக்கித் தர்றேன்" என்கிறான். வெட்டலாமா? கேமராவுக்கு ஏதாவது ஆகிவிடுமா? கேபிள் நீண்டால் ஃப்ளாஷ் தாமதமாக எரியுமா? அப்பாவின் பழைய விவிட்டார் 283 ஃப்ளாஷ் ஒன்றும் வீட்டில் இருக்கிறது. அதையும் இதே கேபிளில் கிளை பிரித்துப் போட்டால் நகைக்கு இரண்டு வெளிச்சம் கிடைக்குமே?

– வாசகர், திண்டுக்கல்

பதில்: வெட்டலாம். உங்கள் தம்பி சொல்வது பலர் செய்து பார்த்த வழிதான், வேலை செய்யும். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் "கூடவே கூடாது". அதைப் பிறகு பார்ப்போம்.

கத்தரியை எடுக்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு கருவிகளும் கேபிளே இல்லாமல் பேசிக்கொள்ளும். 80டி-யின் தலையில் எழும்பும் சின்ன ஃப்ளாஷ், படம் எடுப்பதற்குச் சற்று முன்பு விட்டு விட்டு மின்னி, தள்ளி வைத்திருக்கும் 430இஎக்ஸ் 2-க்குக் கட்டளை அனுப்ப வல்லது. ஃப்ளாஷில் 'ஜூம்' பொத்தானை இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தால் அது ஸ்லேவ் நிலைக்குப் போகும். கேமராவின் ஃப்ளாஷ் மெனுவில் வயர்லெஸ்ஸைத் தேர்ந்தெடுத்தால் போதும், செலவு கிடையாது. இதெல்லாம் தெரிந்துதான் கேபிள் கேட்கிறீர்கள் என்றால் நல்லது. தெரியாது என்றால் இன்று மாலையே ஒருமுறை சோதித்துப் பாருங்கள். உங்கள் தேவையில் பாதி அதிலேயே தீர்ந்துவிடலாம்.

மீதிப் பாதி தீராது. ஃப்ளாஷின் முன்பக்கம் இருக்கும் சிவப்புக் கண் கேமராவைப் பார்த்தபடி இருக்க வேண்டும். குடைக்குள்ளோ பெட்டிக்குள்ளோ வைத்தால் அது மறைந்துபோகும். வெயிலில் கேமராவின் சின்ன மின்னல் அதற்கு எட்டாது. விசேஷ வீட்டில் யாராவது குறுக்கே நின்றால் அந்தப் படம் போச்சு. போதாக்குறைக்கு, கட்டளைக்காக மின்னும் அந்த வெளிச்சம் பளபளப்பான நகையில் சில சமயம் ஒரு புள்ளியாக வந்து உட்காரும். கேபிளில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கூடுதல் பேட்டரியும் வேண்டாம், குறுக்கீடும் இருக்காது. நகைக்கு நானும் கேபிளைத்தான் சொல்வேன்.

அடுத்து, எத்தனை கம்பி வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். கேபிள் செய்ய உட்காருகிறவர்கள் பலர் எத்தனை மீட்டர் என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். யோசிக்க வேண்டியது கம்பிகளின் எண்ணிக்கையை.

ஃப்ளாஷை எரிய வைக்க மட்டும் இரண்டு கம்பி போதும். கேமராவின் தலையில் ஃப்ளாஷ் மாட்டும் ஷூவைப் பாருங்கள். நடுவில் பெரிதாக ஒரு உலோகப் புள்ளி இருக்கும், இருபுறமும் உலோகத் தண்டவாளம் போல விளிம்புகள் இருக்கும். ஷட்டர் முழுக்கத் திறந்த கணத்தில் கேமரா நடுப்புள்ளியையும் விளிம்பையும் இணைக்கிறது, ஃப்ளாஷ் எரிகிறது. பெரும்பாலான கேமராக்களில் அடிப்படை இதுதான். வெளிச்சத்தின் அளவை ஃப்ளாஷிலேயே கையால் வைத்துக்கொள்பவருக்கு வேறு எதுவும் தேவையில்லை. இரண்டு ஷூ அடாப்டர், நடுவில் ஆடியோ வேலைக்கு விற்கும் இரட்டை வயர், 3.5 மில்லிமீட்டர் மோனோ ஜாக், கேபிள் தயார். அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர் டேவிட் ஹாபி 2006-ல் 'ஸ்ட்ரோபிஸ்ட்' என்ற பெயரில் எழுதத் தொடங்கியபோது இந்த மாதிரி கைவேலைக்கு உலகம் முழுக்க ஒரு கூட்டமே சேர்ந்தது.

இந்த இடத்தில் மற்ற வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கேனனின் 200டி மார்க் 2, 3000டி போன்ற சில குறைந்த விலை மாடல்களில் அந்த நடுப்புள்ளியே கிடையாது. வாங்கிய பிறகுதான் பலர் கவனிக்கிறார்கள். அவற்றில் இரண்டு கம்பிக் கேபிளை எப்படிச் செய்தாலும் எரியாது. உங்கள் ஷூவில் நடுவே புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள். 80டி-யில் இருக்கிறது.

கேமரா தானே வெளிச்சத்தை அளந்து ஃப்ளாஷுக்குச் சொல்ல வேண்டும் என்றால் இரண்டு கம்பி போதாது. இதைக் கேனன் ஈ-டிடிஎல் என்கிறது, 1995-ல் வந்தது. நடுப்புள்ளியைச் சுற்றி நான்கு சின்னப் புள்ளிகள் இருக்கின்றன அல்லவா? கேமராவும் ஃப்ளாஷும் அவற்றின் வழியாக எண்களாகப் பேசிக்கொள்கின்றன. 'இவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் ஒருமுறை மின்னு' என்று கேமரா சொல்லும். அது பொருளில் பட்டுத் திரும்பி வருவதை அளக்கும். பிறகு 'இந்த அளவுக்கு எரி' என்று சொல்லி நடுப்புள்ளியைத் தட்டும். இவ்வளவும் நீங்கள் பொத்தானை அழுத்திக் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். ஐந்து புள்ளி, விளிம்புக்கு ஒன்று, மொத்தம் ஆறு கம்பி. நிக்கானில் மூன்று சின்னப் புள்ளிகள்தான், அதனால் ஐந்து கம்பி போதும். லேன் கேபிளில் எட்டுக் கம்பி இருப்பதால்தான் இந்த வேலைக்கு எல்லோரும் அதைப் பிடித்தார்கள். எங்கேயும் கிடைக்கிறது, முனைகளும் தரப்படுத்தப்பட்டவை. ஒரு கேபிள் போனால் பக்கத்துக் கடையில் இன்னொன்று வாங்கிச் செருகிக்கொள்ளலாம்.

தாமதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 5 மீட்டர் கேபிளைக் கடக்க மின்துடிப்புக்குச் சுமார் 25 நானோ விநாடி ஆகும். உங்கள் கேமராவின் ஸிங்க் வேகமான 1/250 விநாடி என்பது 40 லட்சம் நானோ விநாடி. கவலையை விடுங்கள். மலிவான சில ரேடியோ ட்ரிக்கர்கள்தான் ஷட்டரை 1/200-க்கு இறக்க வைக்கும், கேபிள் அப்படிச் செய்யாது. மின்தடையும் பெரிதில்லை. நல்ல செம்புக் கம்பியில் 5 மீட்டருக்கு அரை ஓம்கூட வராது.

நீளம் சிக்கல் தரும் இடம் வேறு. நடுப்புள்ளிக்குப் போவது வெறும் 'இணை, பிரி'தான்; அது நீளத்தைப் பொருட்படுத்தாது. சின்னப் புள்ளிகளில் போகும் எண் துடிப்புகள் அப்படியல்ல. கேபிள் நீள நீள அவற்றின் கூர்மை மழுங்கும், பக்கத்துக் கம்பியில் போகும் துடிப்பும் கொஞ்சம் கலக்கும். 5 மீட்டரில் இது பொதுவாகத் தெரியாது. கேனன் ஃப்ளாஷ்களைப் பற்றிக் கையேடு எழுதிய சில் அரீனா போன்றவர்கள் 20 அடிக்கு மேல் நீண்ட ஈ-டிடிஎல் கேபிள்களைத் தொழிலுக்கே பயன்படுத்தியிருக்கிறார்கள். உங்கள் தம்பி கை சும்மா இருக்காமல் 30 மீட்டர் சுருள் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தால் மட்டும் தடுத்துவிடுங்கள்.

உங்களுக்கு 5 மீட்டரே தேவைதானா என்றும் யோசியுங்கள். ஃப்ளாஷை 2 மீட்டரிலிருந்து 4 மீட்டருக்குத் தள்ளினால் பொருளின் மேல் விழும் வெளிச்சம் கால்பங்காகிவிடும். 430இஎக்ஸ் 2-ன் பெயரில் உள்ள 43 என்பது அதன் கைடு நம்பர். ஐஎஸ்ஓ 100-ல், ஜூம் 105-ல் வைத்தால் கிடைக்கும் அளவு. 43-ஐத் தூரத்தால் வகுத்தால் அபெர்ச்சர் வரும். 4 மீட்டரில் எஃப் 11-ஐ ஒட்டி நிற்கும். குடையில் பட்டு வந்தால் அதிலும் ஒன்றிரண்டு ஸ்டாப் போய்விடும். நகைக்கு ஃப்ளாஷ் ஒரு மீட்டருக்குள்தான் நிற்கப் போகிறது. 2 மீட்டர் கேபிள் ஒன்றும், வீட்டில் ஆட்களை எடுக்க 5 மீட்டர் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் லேன் முனை வைப்பதன் வசதியே அதுதான், நீளத்தை மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

இனி வேலைக்கு வருவோம். சுருள் வயரை நடுவில் வெட்டுங்கள். வெட்டிய இரண்டு பக்கமும் கம்பிகளின் நிறம் ஒன்றாகவே இருக்கும் என்பதால் எந்தப் புள்ளிக்கு எந்தக் கம்பி என்று தெரியாமலே நிறத்துக்கு நிறம் இணைத்து முடித்துவிடலாம். ஆனாலும் மல்டிமீட்டரைப் பீப் ஒலியில் வைத்து, ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு, எது எந்த நிறம் என்று ஒரு தாளில் எழுதிவைத்துவிடுங்கள். பின்னால் பழுது பார்க்கும்போது அந்தத் தாள் கை கொடுக்கும். சில கேபிள்களில் விளிம்புக்கான கம்பி தனியாக இருக்காது. உள்ளே சுற்றியிருக்கும் வலைதான் அந்த வேலையைச் செய்யும். அதைக் குப்பை என்று நினைத்து வெட்டிப் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் தம்பி தடுமாறப் போகும் இடம் ஒன்று உண்டு. அவர் கிரிம்பிங் டூலை எடுத்து, இந்த வயரின் நுனியிலேயே நேராக ஆர்ஜே45 என்ற லேன் கனெக்டரை அடிக்கப் பார்ப்பார். சுருள் வயருக்குள் இருக்கும் கம்பிகள் தலைமுடி போன்ற இழைகள். ஆர்ஜே45 கனெக்டரின் பல் அதைவிடத் தடித்த கம்பிக்காகச் செய்யப்பட்டது. இதில் சரியாகக் கடிக்காது. கடித்தது போலத் தெரியும், லேன் டெஸ்டரிலும் விளக்கு எரியும், இரண்டு நாள் கழித்துக் கேபிளை அசைத்தால் ஃப்ளாஷ் விட்டு விட்டு எரியும். வீட்டில் செய்த கேபிள்களைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த இணைப்பில்தான் பிறக்கின்றன.

அதனால் இப்படிச் செய்யுங்கள். இரண்டு விரல் நீளத்துக்கு லேன் கேபிளை வெட்டி எடுத்து, சுருள் வயரின் மெல்லிய கம்பிகளை அதன் கம்பிகளோடு சால்டர் வைத்து இணையுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், மொத்தத்துக்கும் மேலே பெரிய ஸ்லீவ் ஒன்று. எல்லா இணைப்பையும் ஒரே இடத்தில் வைக்காமல் ஒன்றுக்கொன்று சற்றுத் தள்ளி வைத்தால் கட்டி போல வீங்காது, ஒன்றோடொன்று உரசவும் செய்யாது. லேன் கேபிளின் மறுமுனையை, சுவரில் பதிக்க விற்கும் ஐஓ பெட்டிக்குள் இருக்கும் பெண் ஜாக்கில் அழுத்திப் பொருத்துங்கள். அந்த வேலை உங்கள் தம்பிக்குத் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு பக்கமும் பெண் ஜாக், நடுவில் கடையில் வாங்கிய பேட்ச் கேபிள். அதோடு முடிந்தது.

எட்டில் எந்தக் கம்பியை எதற்கு வைப்பது? இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் எதை வைத்தாலும் எரியும். ஆனாலும் கொஞ்சம் யோசித்து வைத்தால் நீளம் கூடும்போது பலன் தெரியும். லேன் கேபிளில் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கின்றன: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு, ஒவ்வொன்றுக்கும் வெள்ளைக் கோடு போட்ட ஜோடி. சின்னப் புள்ளிகளில் மூன்றை ஆரஞ்சு, பச்சை, நீலம் ஆகிய முழு நிறக் கம்பிகளில் விடுங்கள். அந்த மூன்றின் வெள்ளை ஜோடிகளையும் சேர்த்து விளிம்புக்கு, அதாவது எர்த்துக்குக் கொடுங்கள். துடிப்பு போகும் ஒவ்வொரு கம்பியோடும் ஒரு எர்த் கம்பி முறுக்கிக்கொண்டு போகும்போது கலப்பு குறையும். மிச்சமிருக்கும் பழுப்பு ஜோடியில் நான்காவது சின்னப் புள்ளியும் நடுப்புள்ளியும் போகட்டும். நடுப்புள்ளி, ஃப்ளாஷ் எரியும் கணம் வரை சும்மா இருப்பது. யாருக்கும் தொந்தரவு தராது. எட்டுக் கம்பிக்கும் வேலை வந்துவிட்டது.

நடுவில் போடும் பேட்ச் கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியிலிருந்து இழுத்து வெட்டித் தரும் கேபிளில் உள்ளே ஒற்றைக் கம்பி. அது சுவருக்குள் அசையாமல் கிடக்கச் செய்தது. தினமும் சுருட்டி விரித்தால் உள்ளே முறியும். ஆயத்தமாக முனை போட்டு விற்கும் பேட்ச் கார்டில் பல இழை, அதுதான் வேண்டும். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியமாக இருக்கும். கம்பியை பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளியாய் மின்னினால் அலுமினியம். அது நாலு மடிப்பில் ஒடியும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் திண்டுக்கல்லிலேயே வாங்கினாலும் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். கேபிள் ஸ்ட்ரெய்ட் வகையாக இருக்க வேண்டும். கிராஸ் கேபிளில் ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறியிருக்கும். தம்பியின் டெஸ்டரில் இரு பக்கமும் 1 முதல் 8 வரை ஒரே வரிசையில் எரிந்தால் சரி.

கேமராவில் மாட்டும் முன் செய்ய வேண்டிய சோதனை இரண்டு. முதலில், கேபிளில் எதையும் மாட்டாமல் ஒரு முனையின் ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் மல்டிமீட்டரால் தொட்டுப் பாருங்கள். எந்த இரண்டுக்கும் பீப் வரக் கூடாது. பிறகு மறுமுனையில் அதே புள்ளிக்கு மட்டும் பீப் வர வேண்டும். இரண்டாவது, ஃப்ளாஷை மட்டும் மாட்டி, மேனுவலில் குறைந்த அளவில் வைத்து, கேமரா முனையில் நடுப்புள்ளியையும் விளிம்பையும் ஒரு பேப்பர் கிளிப்பால் தொடுங்கள். எரிய வேண்டும். இரண்டும் தேறிய பிறகு, கேமராவையும் ஃப்ளாஷையும் அணைத்துவிட்டு மாட்டி, பிறகு இயக்குங்கள். ஈ-டிடிஎல் எழுத்து ஃப்ளாஷ் திரையில் இருக்க, அபெர்ச்சரை மாற்றி மாற்றி நாலைந்து படம் எடுங்கள். எல்லாப் படத்திலும் பொருளின் வெளிச்சம் ஒரே மாதிரி வந்தால் பேச்சுவார்த்தை சரியாக நடக்கிறது என்று பொருள். அபெர்ச்சரைக் குறைக்கக் குறைக்கப் படம் இருட்டிக்கொண்டே வந்தால் நடுப்புள்ளி மட்டும்தான் வேலை செய்கிறது. சின்னப் புள்ளிகளில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, பழைய தாளை எடுங்கள்.

இப்படிச் செய்த கேபிளால் கேமராவுக்கு ஆபத்து குறைவு. நான் பயப்படுவது வேறு இரண்டு விஷயத்துக்கு.

ஒன்று, உங்கள் தம்பியின் பை. அதில் இதே ஆர்ஜே45 முனையோடு சிசிடிவி வயர்கள் இருக்கும், கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரம் அனுப்பும் பிஓஇ கருவிகளும் இருக்கும். முறைப்படி செய்த பிஓஇ ஸ்விட்ச், எதிரே தகுந்த கருவி இருக்கிறதா என்று விசாரித்த பிறகே சுமார் 48 வோல்ட்டை அனுப்பும். மலிவான பாஸிவ் வகை விசாரிக்காது. செருகிய மறுகணம் 24 அல்லது 48 வோல்ட் வந்துவிடும். உங்கள் ஃப்ளாஷ் ஜாக்கை யாராவது தவறிப்போய் அதில் செருகினால் கேமராவின் ஷூ சர்க்யூட் போய்விடும். வீட்டு ரவுட்டரில்கூடச் செருகக் கூடாது. ஜாக்குக்கு ஒரு சிவப்பு டேப் சுற்றி 'ஃப்ளாஷ் மட்டும்' என்று எழுதுங்கள். அந்தப் பேட்ச் கேபிளையும் வீட்டின் மற்ற கேபிள்களோடு கலக்காமல் தனிப் பையில் வையுங்கள்.

இதே காரணத்துக்காக, இரண்டு கம்பிக் கேபிள் செய்கிறவர்கள் இணைப்புக்கு வீட்டு டூ-பின் பிளக்கை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. கைக்குக் கிடைக்கிறது, விலை குறைவு என்று ஆசை காட்டும். அமெரிக்காவில் பழைய ஸ்டுடியோ ஃப்ளாஷ் சிலவற்றில் கம்பெனியே அந்த மாதிரி முனையைக் கொடுத்ததும் உண்டு. வீட்டில் குழந்தை இருந்தால் அந்த முனை என்றாவது சுவர் சாக்கெட்டுக்குள் போகும், மறுமுனையில் 230 வோல்ட்.

இரண்டாவது பயம், அப்பாவின் விவிட்டார். இன்றைய ஃப்ளாஷ்களில் நடுப்புள்ளியில் சில வோல்ட்தான் இருக்கும். சர்வதேசத் தரமும் 24 வோல்ட்டை உச்சமாக வைக்கிறது. 1970களில் வந்த ஃப்ளாஷ்கள் பல, கேமராவுக்குள் வெறும் உலோகத் தகடுகள் தொட்டுப் பிரிந்த காலத்தில் செய்யப்பட்டவை. பழைய 283-களில் சிலவற்றின் நடுப்புள்ளியில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். இப்போதைய கேமராவில் அந்தத் தகடு இருந்த இடத்தில் சிலிக்கான் சுவிட்ச் இருக்கிறது. அதிக வோல்ட் ஃப்ளாஷை ஷூவில் மாட்டாதீர்கள் என்று 80டி-யின் கையேடே சொல்கிறது. உங்களுடையது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, ஃப்ளாஷில் பேட்டரி போட்டு, ரெடி விளக்கு எரிந்த பிறகு, மல்டிமீட்டரை டிசி 1000 வோல்ட்டில் வைத்து நடுப்புள்ளிக்கும் விளிம்புக்கும் இடையே அளக்கலாம். கை படாமல் அளந்து பாருங்கள். ஃப்ளாஷின் உடலைத் திறக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம். உள்ளே இருக்கும் கப்பாசிட்டர் 300 வோல்ட் அளவுக்குச் சார்ஜ் ஆகும், பேட்டரியைக் கழற்றிய பிறகும் நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். ஆளைக் கொல்லப் போதுமான சார்ஜ் அது.

விவிட்டாரை அதே கேபிளில் கிளை பிரித்துப் போட்டால், அதன் வோல்ட் 430இஎக்ஸ் 2-க்கும் கேமராவுக்கும் சேர்ந்தே போகும். அதனால்தான் கூடவே கூடாது என்றேன். இரண்டும் கேனன் ஃப்ளாஷாகவே இருந்தாலும் ஈ-டிடிஎல் கேபிளைக் கிளை பிரிக்க முடியாது. கேமரா ஒரு கேள்வி கேட்கும், ஒரே கம்பியில் இரண்டு ஃப்ளாஷ் ஒரே நேரத்தில் பதில் சொல்லும், கேமராவுக்கு எதுவும் புரியாது.

விசேஷ வீடுகளுக்கு இந்தக் கேபிளைக் கொண்டு போகாதீர்கள். வளைகாப்பு வீட்டில் தரையில் கேபிள் கிடந்தால் ஒன்று குழந்தை தடுக்கி விழும், இல்லையென்றால் ஸ்டாண்டு விழும். அங்கே வயர்லெஸ்ஸில் எடுங்கள், அல்லது கேனனின் ஈ-டிடிஎல் பேச்சைக் கடத்தக்கூடிய யோங்நுவோ ஒய்என்-622சி போன்ற ரேடியோ ட்ரிக்கர் ஜோடி ஒன்று பழையதாகக் கிடைத்தால் வாங்குங்கள். வீட்டில் எடுக்கும்போதும் கேபிளை ஸ்டாண்டின் அடிக்காலில் ஒரு சுற்றுச் சுற்றி வெல்க்ரோ போட்டுவிடுங்கள். யாராவது இழுத்தால் இழுப்பு ஸ்டாண்டின் காலில் நிற்கும், உச்சியில் இருக்கும் ஃப்ளாஷுக்குப் போகாது. இரண்டு கம்பிக் கேபிள் போடுகிறவர்கள் ஃப்ளாஷின் தானியங்கி அணைப்பை கஸ்டம் ஃபங்ஷன் 1-ல் நிறுத்திவிட வேண்டும். ஷட்டரைப் பாதி அழுத்தினால் ஃப்ளாஷை எழுப்பும் வேலை சின்னப் புள்ளிகளுடையது. அவை இல்லாத கேபிளில் அது ஒன்றரை நிமிடத்தில் தூங்கிவிடும், நீங்கள் கேபிளைக் குறை சொல்வீர்கள்.

நகைக்கு இரண்டாவது வெளிச்சம் வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கு வழி இருக்கிறது, விவிட்டாரை வைத்தே. ஸ்டுடியோ சாமான் விற்கும் கடைகளில் 'ஸ்லேவ்' என்று கேட்டால், ஃப்ளாஷின் காலுக்கு அடியில் மாட்டும் ஒரு சின்னக் கண் தருவார்கள். சில நூறு ரூபாய்தான். பழைய, அதிக வோல்ட் ஃப்ளாஷையும் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். வேறொரு ஃப்ளாஷ் மின்னுவதைக் கண்டதும் தன் மேல் இருப்பதை எரிய வைக்கும். விவிட்டாருக்கும் உங்கள் கேமராவுக்கும் நடுவில் கம்பித் தொடர்பே இல்லை என்பதால் அதன் 200 வோல்ட் கேமராவை எட்டாது. ஒரு நிபந்தனை உண்டு. 430இஎக்ஸ் 2-ஐ ஈ-டிடிஎல்-லில் வைத்தால் அளவெடுப்பதற்காக அது முன்கூட்டி மின்னும்போதே ஸ்லேவ் ஏமாந்து விவிட்டாரை எரித்துவிடும். படம் பதிவாகும்போது விவிட்டாரில் வெளிச்சம் இருக்காது. கேமராவின் சின்ன ஃப்ளாஷை வைத்து வயர்லெஸ்ஸாக இயக்கினாலும் இதே கதைதான், கட்டளை மின்னலிலேயே எரிந்து தீர்ந்துவிடும். புதிய கேபிளில் 430இஎக்ஸ் 2-ஐ மாட்டி மேனுவலில் வைத்துவிட்டால் முன் மின்னல் கிடையாது, இரண்டும் ஒரே கணத்தில் எரியும். முதலில் 430இஎக்ஸ் 2-ஐ 1/8 வெளிச்ச அளவில் வைத்துத் தொடங்கிப் பாருங்கள். விவிட்டாருக்கு முன்னால் ஒரு டிரேசிங் பேப்பரை நிறுத்தினால் கவரிங் நகையின் பளபளப்பு வெள்ளைத் திட்டாக வராமல் நீண்ட கோடாக வரும்.